ரோப், விமானம், ரோபோ, எல்.இ.டி பெட்டி... சினிமாவில் நடிகர்களை 'மிதக்க' வைப்பது எப்படி?

2025 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா பிரதமர் மோடியுடன் வீடியோ காலில் பேசினாரே, ஞாபகம் இருக்கா? பார்ப்பதற்கு நம்ம வீட்டு ஹாலில் நிற்பதுபோல நேராகத்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால், கால்களைக் கட்டிவைத்திருப்பதால்தான் இப்படி நிற்க முடிகிறது, இல்லாவிட்டால் மேலே போய்விடுவேன் என்று அவரே சொன்னார்.

சினிமாக்காரர்களின் பிரச்னை இதற்கு அப்படியே தலைகீழ். அங்கே மிதக்காமல் இருக்க ஆளைக் கட்டணும். இங்கே மிதப்பதற்காகக் கட்டணும். சுமார் நூறு வருஷமாக இந்த ஒரு விஷயத்துக்காக இயக்குநர்கள் படும் பாடு இருக்கே... அது பல படங்களின் கதையைவிட சுவாரஸ்யம்.

முதலில் ஒரு தப்பைத் திருத்திக்கலாம். 'மேலே போனா புவியீர்ப்பு இருக்காது, அதனாலதான் மிதக்கிறாங்க' என்று பள்ளிக்கூடத்தில் பலரும் நினைத்திருப்போம். விண்வெளி நிலையம் சுற்றுவது தரையிலிருந்து சுமார் 400 கி.மீ உயரத்தில். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை! அந்த உயரத்தில் பூமியின் இழுவிசை, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால்தான். மணிக்குச் சுமார் 28,000 கி.மீ வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கீழே விழுவதால், பூமியும் வளைந்துகொண்டே போக, தரை வந்து சேருவதே இல்லை. நிலையமும் விழுகிறது, உள்ளே இருக்கும் ஆளும் அதே வேகத்தில் விழுகிறார், அவர் கையிலிருந்த பேனாவும் விழுகிறது. எல்லாம் சேர்ந்து விழுந்தால், யாரும் எதன்மீதும் அழுந்த மாட்டார்கள். ராட்சத ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ பண்ணுமே, அதே உணர்வு... ஆனால், மாதக்கணக்கில்.

ஆக, புவியீர்ப்பை 'ஆஃப்' பண்ணுகிற ஸ்விட்ச் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. இயக்குநர் முன்னால் இருப்பது இரண்டே வழிகள். ஒன்று, நடிகரை நிஜமாகவே விழவைக்கணும். இல்லையென்றால், பார்க்கிற நம்ம கண்ணை ஏமாத்தணும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரோப்

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1929-ல் எடுத்த 'ஃப்ராவ் இம் மோண்ட்' படத்திலேயே எடையற்ற நிலை வருகிறது. பேசும் படங்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன, இது மௌனப்படம். ராக்கெட்டின் உள்ளே கால்களை மாட்டிக்கொள்ள வார்ப்பட்டைகள் வைத்திருந்தார் லாங். சுபான்ஷு செய்ததும் கிட்டத்தட்ட அதேதான்! சோவியத் யூனியனில் 1936-ல் வந்த 'காஸ்மிக் வாயேஜ்' படத்துக்கு அறிவியல் ஆலோசகர் யார் தெரியுமா? ராக்கெட் அறிவியலின் தந்தைகளில் ஒருவரான ஸியால்கோவ்ஸ்கி. படம் வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். 1950-ல் வந்த ஹாலிவுட் படமான 'டெஸ்டினேஷன் மூன்', ஷூவில் காந்தத்தை மாட்டி நடக்கவிட்டது. இந்தக் காந்த ஷூ, பட்ஜெட் இடிக்கும் இயக்குநர்களுக்குக் கிடைத்த வரம். 'மிதக்கலாம், ஆனா ஷூ பிடிச்சிருக்கு' என்று ஒரு வசனம் வைத்தால் போதும், செலவு மிச்சம்.

மிதந்தே ஆகணும் என்றால் ரோப்தான். நம்ம ஊர் சண்டைக் காட்சிகளில் ஹீரோ எட்டி உதைத்ததும் வில்லன் பறக்கிறாரே, அதே சமாச்சாரம். ஆனால், பறப்பது வேறு, மிதப்பது வேறு. சண்டையில் இரண்டு விநாடி பறந்தால் போதும், அதற்குள் கட் வந்துவிடும். விண்வெளிப் படத்தில் அந்த ஆள் நிதானமாக மிதந்தபடி, வலியைக் காட்டாமல், வசனமும் பேசணும்.

இங்கேதான் உடம்பு காட்டிக்கொடுக்கும். ரோப்பில் தொங்குபவரின் மொத்த எடையும் இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டில் இறங்குகிறது. கால்கள் தொங்கப் பார்க்கும். அவற்றைத் தூக்கிப் பிடிக்க வயிற்றுத் தசை இறுகும். கழுத்து நரம்பு புடைக்கும். தலைகீழாக இருந்தால் முகம் சிவக்கும், தலைமுடி தரையை நோக்கித் தொங்கும். நிஜமான எடையற்ற நிலையில் உடம்பு தளர்ந்து, கைகள் தானாக முன்னால் உயர்ந்து, முழங்கால் லேசாக மடங்கி, தண்ணீரில் தூங்குகிறவர் மாதிரி இருக்கும். அதை ரோப்பில் தொங்கிக்கொண்டே நடித்துக்காட்டுவது பெரிய உடல் உழைப்பு. அடுத்தமுறை ஏதாவது விண்வெளிப் படம் பார்க்கும்போது நடிகரின் கழுத்தைக் கவனியுங்க. ரோப் எங்கே கட்டியிருக்கிறது என்று கழுத்தே சொல்லிடும்.

நம்ம ஊரிலும் இந்த முயற்சி நடந்திருக்கு. ஷக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த 'டிக் டிக் டிக்' (2018), இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. ஹாலிவுட் பட்ஜெட்டில் ஒரு துளிகூட இல்லாமல், செட்டையும் ரோப்பையும் சி.ஜி-யையும் நம்பி எடுத்த படம் அது. லாஜிக் ஓட்டைகளைப் பற்றிக் கிண்டலடித்தவர்கள் நிறைய பேர். அந்தரத்தில் தொங்கியவர்களின் இடுப்பு வலியைப் பற்றிப் பேசியவர்கள்தான் கம்மி.

சரி, ரோப் கண்ணில் படாமல் எப்படி எடுப்பது? இன்றைக்கு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். அதனால் தடிமனான, பாதுகாப்பான ரோப்பையே பயன்படுத்த முடிகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்? சோவியத் இயக்குநர் பாவெல் குளுஷான்ட்ஸெவ் 1957-ல் எடுத்த 'ரோட் டு த ஸ்டார்ஸ்' படத்தில் ஓர் அட்டகாசமான வழியைப் பிடித்தார். நடிகரை மேலேயிருந்து தொங்கவிட்டு, கேமராவை அவருக்கு நேர் கீழே வைத்து, மேல்நோக்கிப் படமெடுத்தார். ரோப்பை நடிகரின் உடம்பே மறைத்துவிடும்! செட்டையும் அதற்கேற்ப செங்குத்தாக நிறுத்திவைத்தால், திரையில் பார்க்கும் நமக்கு அவர் நீளமான அறைக்குள் மிதந்து வருவதுபோலத் தெரியும்.

ஒரு பேனாவும் ஒரு கண்ணாடியும்

இதே உத்தியை உலகமே வாய்பிளக்கும்படி செய்தவர் ஸ்டான்லி குப்ரிக். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வந்தது 1968-ல். நிலவில் மனிதன் கால்வைக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் கப்பலுக்குள் பாயும் காட்சியில், நடிகர் கியர் டுலியா உண்மையில் கீழே இருந்த கேமராவை நோக்கி ரோப்பில் விழுந்தார். கேமரா கீழே, செட் செங்குத்தாக. திரையில் அது பக்கவாட்டுப் பாய்ச்சல்.

ஆனால், எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்தது அந்தப் பேனா காட்சிதான். தூங்கும் பயணியின் கையிலிருந்து நழுவிய பேனா காற்றில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். பணிப்பெண் வந்து அதைப் பிடித்து அவர் பையில் வைப்பார். நூலில் கட்டினாங்களா? கிடையாது. கேமராவுக்கு முன்னால் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, அதில் இருபக்கமும் ஒட்டும் டேப்பால் பேனாவை ஒட்டி, கண்ணாடியை மெதுவாகச் சுழற்றினார்கள். அவ்வளவுதான்! பணிப்பெண் 'பிடிக்கும்' இடத்தை உற்றுப் பார்த்தால், பேனாவைக் கண்ணாடியிலிருந்து பிய்த்தெடுப்பது தெரியும். அந்தப் பணிப்பெண் நடப்பதும் தரையில் ஒட்டும் ஷூவோடுதான். அதே படத்தில் இன்னொரு பணிப்பெண் சுவரில் ஏறித் தலைகீழாகப் போவாரே... அங்கே செட்டும் கேமராவும் ஒன்றாகச் சுழல்கின்றன, அவர் அடியிலேயேதான் நடந்துகொண்டிருக்கிறார்.

'ரூமைச் சுத்து, ஆளைச் சுத்தாதே' என்கிற இந்த ஐடியா இன்னும் பழசு. 1951-ல் வந்த 'ராயல் வெட்டிங்' படத்தில் ஃபிரெட் அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் நடனமாடியது இப்படித்தான். 2010-ல் 'இன்செப்ஷன்' படத்துக்காக கிறிஸ்டோபர் நோலன் இங்கிலாந்தின் கார்டிங்டனில் இருக்கும் பழைய ஆகாயக்கப்பல் கொட்டகையில் சுமார் 100 அடி நீளத்துக்கு ஹோட்டல் காரிடாரையே கட்டிச் சுழலவிட்டார். ஜோசப் கார்டன் லெவிட் சுவருக்குச் சுவர் உருண்டு சண்டைபோட்டது, நிஜமாகவே உருளும் செட்டுக்குள்தான். ஈர்ப்பே இல்லாமல் மிதக்கும் ஷாட்களுக்குச் செங்குத்தான இன்னொரு காரிடார், அதில் ரோப். 2001-ல் குப்ரிக் செய்ததின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

தண்ணீருக்குள் எடுத்தால் சுலபமா இருக்குமே என்று தோணும். நாசாவே ஹூஸ்டனில் பிரமாண்டமான நீச்சல்குளத்தில்தான் விண்வெளி நடைக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஆனால், பயிற்சிக்குச் சரி, கேமராவுக்கு ஒத்துவராது. தண்ணீர் ஒவ்வோர் அசைவையும் தடுத்து இழுக்கும், முடி அலையலையாக ஆடும், காற்றுக்குமிழி கிளம்பும், வசனமும் பேச முடியாது.

612 முறை விழுந்த படக்குழு

கண்ணை ஏமாற்றாமல், நிஜமாகவே விழலாம் என்று முடிவெடுத்தவர் ரான் ஹோவர்டு. படம் 'அப்பல்லோ 13' (1995).

நாசாவிடம் கே.சி-135 என்ற விமானம் இருந்தது. விண்வெளி வீரர்களின் பயிற்சிக்கானது. செல்லப்பெயர், 'வாமிட் காமெட்'. 'வாந்தி வால்நட்சத்திரம்' என்று வைத்துக்கொள்ளுங்க! இந்த விமானம் சுமார் 45 டிகிரி கோணத்தில் செங்குத்தாக ஏறும். அப்போது உள்ளே இருப்பவரின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 60 கிலோ ஆள், 110 கிலோ ஆள்போல தரையோடு அழுந்திக்கிடப்பார். பிறகு விமானி எஞ்சினின் வேகத்தைக் காற்றின் தடையைச் சமாளிக்கும் அளவுக்கு மட்டும் குறைத்து, மேலே எறிந்த கல்லின் பாதையில் விமானத்தைக் கொண்டுபோவார். ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் அந்த வளைவு முழுக்க, உள்ளே எல்லோரும் மிதப்பார்கள். எவ்வளவு நேரம்? சுமார் 23 முதல் 25 விநாடிகள். அதற்குமேல் போனால் விமானத்தைத் திருப்ப முடியாது. உடனே மூக்கைத் தூக்கணும், மறுபடியும் இரண்டு மடங்கு எடை, மிதந்தவர்கள் எல்லாம் தொப்பென்று தரையில்.

ஒரு ரீல்ஸ் ஓடும் நேரம்கூட இல்லை. அதற்குள் 'ஆக்‌ஷன்' சொல்லி, நடித்து, 'கட்' சொல்லி, கேமரா யார் தலையிலும் விழாமல் பிடித்துக்கொள்ளணும். விமானத்தின் உள்ளே அடங்கும் அளவுக்கு விண்கலத்தின் செட்டைப் போட்டு, டாம் ஹாங்ஸ், கெவின் பேக்கன், பில் பாக்ஸ்டன் மூவரையும் ஏற்றி, இப்படி 612 முறை விழுந்து எழுந்தது அந்தக் குழு. எல்லாவற்றையும் கூட்டினால் மிதந்த நேரம் நாலு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. கண்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநரின் நிலைமையை நினைச்சுப் பாருங்க!

எல்லா காட்சியும் அங்கே எடுத்ததல்ல. எஞ்சின் இரைச்சலில் வசனத்தைப் பதிவுசெய்ய முடியாது என்பதால், முகத்தை மட்டும் காட்டும் நெருக்கமான ஷாட்களைத் தரையில், ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அங்கே நடிகர்கள் சீசா போன்ற பலகையில் உட்கார்ந்து மெதுவாக மேலும் கீழும் அசைந்தார்கள். குழந்தைகள் பூங்காவில் ஆடுவதுதான். ஆனால், அதற்கு முன்னால் நிஜமாக மிதக்கும் ஷாட்டை ஒருமுறை பார்த்துவிட்டதால், சீசாவில் ஆடும் டாம் ஹாங்ஸையும் நம் மூளை மிதப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. கலப்படத்தில்தான் அந்தப் படத்தின் வெற்றியே இருக்கு என்பேன்.

விமான உத்தியைப் பிற்பாடு பலரும் தொட்டார்கள். 'த மம்மி' (2017) படத்தில் விமானம் நொறுங்கும் காட்சிக்காக டாம் க்ரூஸ் பிரான்ஸில் இதுபோன்ற விமானத்தில் திரும்பத் திரும்ப விழுந்தார். ஆனால், அசரடித்தது ஒரு மியூசிக் வீடியோ. 'ஓகே கோ' என்ற அமெரிக்க இசைக்குழு 2016-ல் வெளியிட்ட 'அப்சைட் டவுன் & இன்சைட் அவுட்'. ரஷ்ய விமானம் ஒன்றில், தொடர்ச்சியாக எட்டு முறை விழுந்து, ஒரே டேக்காக எடுத்தார்கள். ஒவ்வொரு மிதப்புக்கும் நடுவே விமானம் மறுபடி ஏறும் சில நிமிடங்களில், எல்லோரும் விட்ட போஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எடிட்டிங்கில் அந்த இடைவெளிகளை மட்டும் தூக்கிவிட்டால், மூன்று நிமிடமும் மிதப்பதுபோலவே இருக்கும். யூடியூபில் இருக்கு, இயர்போன் போட்டுப் பாருங்க.

முகம் மட்டும்தான் நிஜம்

அல்ஃபோன்ஸோ குவாரோன் 'கிராவிட்டி' (2013) எடுக்க நினைத்தபோது விமானம் உதவாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவருடைய முதல் ஷாட்டே கட் இல்லாமல் சுமார் 13 நிமிடம் ஓடுகிறது. 25 விநாடி மிதப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரோப்பில் தொங்கவிட்டாலும் இன்னொரு சிக்கல்... வெளிச்சம். விண்வெளியில் சுழலும் ஆளின் முகத்தில் சூரிய ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். கீழேயிருந்து பூமியின் நீல ஒளி வேறு. ஆளைச் சுற்றினால் ரத்தம் தலைக்கேறி முகம் சிவக்கும், ஆடை தொங்கும், குட்டு வெளிப்படும். ஆகவே, ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கியும் விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் டிம் வெப்பரும் எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டார்கள். நடிகை அசையவே வேண்டாம். பிரபஞ்சம் அவரைச் சுற்றட்டும்!

உள்பக்கம் முழுக்க எல்.இ.டி பதித்த பெட்டி ஒன்றைச் செய்தார்கள். சுமார் 18 லட்சம் குட்டி விளக்குகள். பூமி, சூரியன், நட்சத்திரங்கள் எல்லாம் படமாக அந்தச் சுவர்களில் ஓடும், அந்த ஒளி நடுவில் இருக்கும் சாண்ட்ரா புல்லக்கின் முகத்தில் விழும். கார் தொழிற்சாலைகளில் பாகங்களைப் பொருத்தும் ரோபோ கை இருக்குமே, அதன் முனையில் கேமராவை மாட்டி அவரைச் சுற்றிப் பறக்கவிட்டார்கள். திரையில் அவர் தலைகுப்புறச் சுழன்றுபோகும் காட்சியில், உண்மையில் சுழன்றது கேமராவும் வெளிச்சமும்தான். பல காட்சிகளில் கடைசியில் படத்தில் மிஞ்சியது அவருடைய முகம் மட்டும். ஹெல்மெட், உடை, பின்னணி எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்தவை.

கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், புல்லக்கின் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. மணிக்கணக்கில் அந்தப் பெட்டிக்குள் தனியாகக் கட்டுண்டு கிடக்கணும். இயக்குநரின் குரல் காதில் மாட்டிய கருவி வழியாக மட்டும். ரோபோ முன்கூட்டியே எழுதப்பட்ட பாதையில் போகும் என்பதால், எந்த விநாடியில் தலை எந்தப் பக்கம் திரும்பணும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். கை, கால்களை எடையற்றவர்போல மெதுவாக அசைக்கணும், வசனத்தையும் மூச்சையும் வழக்கமான வேகத்தில் கொடுக்கணும். இதற்கு நடுவில் மரண பயத்தையும் நடிக்கணும்! விண்கலத்தின் உள்ளே மிதக்கும் காட்சிகளுக்கு 12 கம்பிகள் கொண்ட ரிக். அதை இயக்க, 'வார் ஹார்ஸ்' நாடகத்தில் குதிரைப் பொம்மையை உயிரோடு உலவவிட்ட பொம்மலாட்டக் கலைஞர்களைக் கூட்டிவந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த தொழில்நுட்பப் படம், கடைசியில் பொம்மலாட்டக்காரர்களின் கைகளில்தான் வந்து நின்றது.

படம் ஏழு ஆஸ்கர்களை அள்ளியது. ஆனாலும், வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் ட்விட்டரில் ஒரு கேள்வியைப் போட்டார். எல்லாம் மிதக்குது, புல்லக்கின் தலைமுடி மட்டும் ஏன் மிதக்கலை என்று. நியாயமான கேள்விதான். இன்னொன்று, அவர் அழும்போது கண்ணீர்த்துளி உருண்டையாகி நம்மை நோக்கி மிதந்து வரும். தியேட்டரில் த்ரீ-டி கண்ணாடியோடு பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிஜத்தில் அப்படி நடக்காது. கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு விண்வெளி நிலையத்தில் கண்ணில் தண்ணீரை விட்டுக் காட்டியிருக்கிறார். அது கண்ணைவிட்டுப் போவதே இல்லை. கண்மீதே கொழகொழவென்று உருண்டையாகச் சேர்ந்து, பெரிதானால் மூக்கைத் தாண்டி மறுகண்ணுக்குப் பரவும். குவாரோனுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால், அதை அப்படியே காட்டியிருந்தால் யாருக்கும் அழுகை வந்திருக்காது.

நிலவு என்றால் கணக்கு வேறு. அங்கே எடை சுத்தமாக இல்லாமல் போகாது, ஆறில் ஒரு பங்காகக் குறையும். 1998-ல் வந்த 'ஃப்ரம் த எர்த் டு த மூன்' தொடரில், நிலவில் நடக்கும் காட்சிகளுக்கு நடிகர்களின் முதுகில் பெரிய ஹீலியம் பலூன்களைக் கட்டி, எடையைத் தூக்கிப் பிடிக்கவைத்தார்கள்.

வாட்ஸ்அப் அங்கிள்களுக்கு ஒரு பதில்

'நாசா எல்லாத்தையும் ஸ்டூடியோல ரோப் கட்டி எடுக்குது' என்று ஒரு வீடியோ உங்க ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கும். இதுவரை படித்ததை வைத்தே நீங்க பதில் சொல்லலாம். விமானத்தில் என்றால் 25 விநாடிக்கு ஒருமுறை கட் வந்தாகணும். ரோப் என்றால் ஆள் குட்டிக்கரணம் அடித்து, இன்னொருவரின் காலடியில் நுழைந்து, குறுகலான கதவு வழியாக அடுத்த அறைக்குப் போக முடியாது, சிக்கிக்கொள்ளும். சுனிதா வில்லியம்ஸ் 2012-ல் விண்வெளி நிலையத்தைச் சுற்றிக்காட்டும் வீடியோ, சுமார் 25 நிமிடம் ஓடுகிறது. அறை அறையாக நுழைந்து போவார். முடி நாலாபக்கமும் விரிந்து நிற்கும். புல்லக்கின் முடியையே மிதக்கவைக்க முடியாத ஹாலிவுட், இதை எந்த ஸ்டூடியோவில் எடுத்திருக்கும் என்று அங்கிளிடம் கேளுங்க.

நிஜமாகவே மேலே போனவர்கள்

இவ்வளவு தலைவலி எதுக்கு, நேரா போய் எடுத்துட்டு வந்துடலாமே என்று ஒருவர் கிளம்பினார். ரஷ்ய இயக்குநர் கிளிம் ஷிபென்கோவும் நடிகை யூலியா பெரெசில்டும் 2021 அக்டோபர் 5-ம் தேதி சோயுஸ் கலத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்கே போனார்கள். பூமிக்குத் திரும்ப முடியாத நிலையில் இருக்கும் விண்வெளி வீரருக்கு அங்கேயே ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டரின் கதை. நோயாளியாக நடித்தவர், அங்கே ஏற்கெனவே தங்கியிருந்த நிஜ விண்வெளி வீரர் ஒலெக் நோவிட்ஸ்கி. 12 நாள்களில் எடுத்து முடித்து, அக்டோபர் 17-ல் இறங்கினார்கள். 'த சேலஞ்ச்' என்ற அந்தப் படம் 2023 ஏப்ரலில் ரஷ்யாவில் வெளியானது.

அங்கே கேமராமேன் கிடையாது, லைட்மேன் கிடையாது. கேமராவையும் விளக்கையும் இயக்குநரே பார்த்துக்கொண்டார், நடிகை தன் மேக்கப்பைத் தானே போட்டுக்கொண்டார். மேக்கப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. எடையற்ற நிலையில் உடம்பிலிருக்கும் நீர், காலிலிருந்து மேல்நோக்கி நகர்ந்துவிடும். கால் மெலியும், முகம் உப்பும். விண்வெளிக்குப் போகும் எல்லோருக்கும் முதல் சில நாள்கள் இப்படித்தான், மூக்கடைப்பு வேறு. தரையில் ரோப்பிலும் ரோபோவிலும் எடுத்த எந்தப் படத்திலும் ஹீரோயினுக்கு இந்த மூஞ்சி வீக்கத்தை வைப்பதில்லை.